திங்கட்கிழமை மூச்சுத் திணறல்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



போனஸைப் பற்றியும் கூலி உயர்வைப் பற்றியும் பேசுவதற்காக எத்தனையோ முறை உங்கள் முன் நின்றிருக்கிறேன். இன்று வியாதியைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் டாக்டர் அல்ல, பத்தாவது வரை படித்தவன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த அண்ணன் ஒரு நூல் மில்லில் கார்டிங் பகுதியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் நாளில் மட்டும், "நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்குது தம்பி" என்பார். மறுநாள் சரியாகிவிடும். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். லீவு சுகம் விடவில்லை, வேலைக்குப் போகச் சோம்பல் என்று கேலி செய்வோம். நானும்தான் சிரித்தேன். "பீடியை விடுங்கண்ணா, எல்லாம் சரியாப் போகும்" என்று புத்தி சொன்னேன். சில வருடங்களில் அந்த இறுக்கம் வாரம் முழுவதும் வந்தது. பிறகு லீவு நாளிலும் விடவில்லை. கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்துமா என்று ஒருவர் சொன்னார், காசம் என்று மற்றொருவர் மருந்து கொடுத்தார். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சங்க ஆபீசில் உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

அந்த வியாதிக்குப் பெயர் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதன் பெயர் பிஸினோசிஸ், அதாவது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்.

வியாதி எப்படி வருகிறது?

பேல் உடைக்கும் இடத்திலும், புளோ ரூமிலும், கார்டிங்கிலும் பறக்கும் தூசி வெறும் பஞ்சு அல்ல. பருத்திக்காயைச் சுற்றியுள்ள காய்ந்த இலைத் தூளும், அதில் ஒட்டியிருக்கும் நுண்கிருமிகளின் நஞ்சும் அதில் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் பெரிய பஞ்சு மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் உள்ளே போய் மூச்சுக் குழாயைச் சுருக்குகிறது.

தினமும் தூசியில் நிற்கும் உடல் ஓரளவு அதைத் தாங்கிப் பழகுகிறது. ஒருநாள் லீவில் அந்தப் பழக்கம் விட்டுப் போகிறது. ஆகவேதான் லீவு முடிந்த முதல் நாள் இறுக்கம் அதிகம். உங்கள் வார லீவு வியாழன் என்றால், வெள்ளிதான் உங்களுக்குத் திங்கட்கிழமை. அந்த ஒரு நாள் இறுக்கம் வியாதியின் முதல் படி. அப்போதே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும், மருந்து மூச்சைச் சற்று இலேசாக்குமே தவிரப் போனதைத் திருப்பித் தராது.

பீடிக்கும் இதில் பங்கு உண்டு. புகை பிடிப்பவருக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும், கடுமையாகவும் வரும். ஆகவே பீடியை விடத்தான் வேண்டும். ஆனால், "உன் பீடிதான் காரணம், மில் காரணமல்ல" என்று யாராவது சொன்னால், "பீடியே தொடாத பெண் தொழிலாளிக்கு ஏன் வருகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இது புதிய செய்தியா?

இல்லை. முந்நூறு வருடங்களுக்கு முன்பே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நார் சிக்கெடுக்கும் தொழிலாளர் ஓயாமல் இருமுவதை எழுதி வைத்தார். 1831ல் மான்செஸ்டர் நகரத்து டாக்டர் கே, பஞ்சாலைத் தொழிலாளரின் நெஞ்சு நோயைப் பற்றி எழுதினார். 1950களில் லங்காஷயர் மில்களில் ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங், முதல் நாள் இறுக்கத்தை அடிப்படையாக வைத்தே வியாதியைப் படி படியாகப் பிரித்துக் காட்டினார்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? தென் மாநிலங்களின் மில்களில் மூச்சை இழந்து வேலையை விட்ட தொழிலாளர்கள் 1975ல் சங்கம் கட்டினார்கள். இருமிக்கொண்டே போய் அதிகாரிகள் முன் சாட்சி சொன்னார்கள். 1978ல் பஞ்சுத் தூசிக்குச் சட்டம் வந்தது. நூல் தயாரிக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்தூசி இருக்கக் கூடாது. ஒரு கிராமை ஐயாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் இது! செலவு தாங்காது என்று மில் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981ல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட், தொழிலாளியின் உயிரை லாப நஷ்டத் தராசில் வைக்க வேண்டியதில்லை, செய்ய முடியுமா என்பதே கேள்வி என்று தீர்ப்பளித்தது. பின்பு கணக்குப் பார்த்தபோது, ஆன செலவு முன்னே சொன்னதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. வியாதியும் வெகுவாகக் குறைந்தது.

நமது நாட்டிலும் இது சட்டத்துக்குத் தெரியாத வியாதி அல்ல. 1923ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும், 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலும் பிஸினோசிஸ் இடம் பெற்றது. டாக்டர் கண்டுபிடித்தால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதி அது. ஆனால் கண்டுபிடித்தால்தானே தெரிவிப்பது! ஆஸ்துமா என்று எழுதினால் அது தொழிலாளியின் தலைவிதி. பிஸினோசிஸ் என்று எழுதினால் அது மில்லின் பொறுப்பு. ஒரு சொல்லில் இருக்கிறது வித்தியாசம்.

வயல்காட்டு வியாதி

விவசாயத் தோழர்கள், "மில்காரர்களுக்குத்தானே இதெல்லாம்?" என்று நினைக்கக் கூடும். உங்களுக்கும் ஓசையில்லாமல் வரும் வியாதி இருக்கிறது. ரத்தக் கொதிப்பு அதில் முதலாவது. வலிக்காது, காய்ச்சல் வராது. ஒருநாள் களை எடுக்கும்போதே ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிடும். அன்றைக்குத்தான் தெரியும்.

உழைக்கிற உடம்புக்குக் கொதிப்பு வராது என்பது தவறான அபிப்பிராயம். 2023ல் வெளியான பெரிய ஆய்வொன்று, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. காரணங்கள் பல: வயது, குடும்ப வழி, புகையிலை, சாராயம், தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. நாளொன்றுக்கு ஒரு சிறு கரண்டி உப்பு, அதாவது ஐந்து கிராம் போதும். ஆனால் பழைய சோற்றுக்குக் காய்கறி வாங்க வழியில்லாதவர் ஊறுகாயையும் கருவாட்டையும் வைத்துக்கொள்கிறார். உப்பு நாக்கின் குற்றம் மட்டுமல்ல, கூலியின் குற்றமும்கூட.

அளவு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் என்று திரும்பத் திரும்பக் காட்டினால் அது கொதிப்பு. மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்துகிறவர்தான் பக்கவாதத்தில் விழுகிறார். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

இன்னொன்று. இடுப்பு வலிக்கும் கை வலிக்கும் பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்காதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்பவருக்கும், கொதிப்போ சர்க்கரையோ உள்ளவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம். ஒதுங்க இடமில்லையே என்று நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நாற்று நடுகிறார்கள். இதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. வேலை செய்யும் இடத்தில் நிழல், தண்ணீர், மறைவிடம், நடுப்பகலில் ஓய்வு - இவைதான் மருந்து.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். வீட்டுக்கே வந்து பார்த்து மருந்து கொடுக்க, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லையென்றால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.

இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் சளி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசம் இல்லை என்று தெரிந்த பிறகு, "நான் மில்லில் இன்ன பகுதியில் இத்தனை வருடமாக வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை. இயந்திரத்தை மூடித் தூசியை அங்கேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். துடைப்பத்தாலும் காற்றுக் குழாயாலும் தூசியைக் கிளப்புவதை நிறுத்த வேண்டும். வருடா வருடம் நெஞ்சுப் பரிசோதனை வேண்டும். நோய் கண்டவரைச் சம்பள வெட்டு இல்லாமல் வேறு பகுதிக்கு மாற்ற வேண்டும். முகத்தில் கட்டும் துணி கடைசி வழிதான், அதுவே வழி என்று ஏமாற வேண்டாம்.

நான்காவது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களையும், விடுதியில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறினால் அவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் இருந்ததற்கும் இருமியதற்கும் கணக்கே இல்லாமல் போகிறது.

தோழர்களே! என் அண்ணன் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கிணற்றடி வரை நடக்க இரண்டு தடவை நிற்கிறார். அவரிடம் சர்வீஸ் சீட்டு இருக்கிறது, வியாதியின் பெயர் எழுதிய சீட்டு மட்டும் இல்லை. போன மாதம் நான் இதையெல்லாம் சொன்னபோது, "எனக்குப் போனது போகட்டும், கார்டிங்கில் இப்போ நிக்கிற பசங்ககிட்டச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஷிப்டில் பக்கத்தில் நிற்பவரை, "லீவு முடிஞ்சு வந்தா நெஞ்சு இறுக்குதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் பெயரையும் பகுதியையும் எழுதிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். இம்முறை நான் சிரிக்க மாட்டேன்.