வாய்ப்பாடும் புளியங்கொட்டையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொறியாளன் என்பதால் தொழில்நுட்பம் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள. நான் பேச வந்தது வாய்ப்பாடு பற்றி. சிரிக்காதீங்க!

நான்காம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடையில்லாமல் ஒப்பிப்பேன். ஆனால் "ஐம்பத்தாறுல எத்தனை ஏழு?" என்று கேட்டால் முழிப்பேன். பிரம்படி விழும். அடி வாங்க வாங்க, கணக்குப் பாடவேளை வந்தாலே வயிற்றைக் கலக்கும்.

எங்க அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். கல்குவாரியில் நாலு பெண்கள் சேர்ந்து லோடு ஏற்றுவார்கள். கூலி அறுபது ரூபாய் என்றால், ஆளுக்குப் பதினஞ்சு என்று நொடியில் பிரித்துவிடுவார். 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோதுதான் எழுதக் கற்றுக்கொண்டார். சைக்கிளும் பழகினார். அந்த அம்மாதான் ஒருநாள் என் முன்னால் புளியங்கொட்டையைக் கொட்டி, "பாடுனது போதும், பங்கு போட்டுப் பாருடா" என்றார். 56 கொட்டைகளை ஏழு குவியலாகப் பிரித்தேன். குவியலுக்கு எட்டு! பெருக்கலும் வகுத்தலும் ஒரே வீட்டின் வாசலும் கொல்லையும் என்று அன்றுதான் புரிந்தது.

இப்போது கீரமங்கலம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் அக்கா மகனும் அதே இடத்தில்தான் நின்றான். அவனுக்காக எண்ணிப் பார்த்தேன். பத்து வரையிலான வாய்ப்பாட்டில் 100 விடைகள். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும். மூவெட்டும் எட்டுமூன்றும் ஒன்றே. இவற்றைக் கழித்தால் மீதி 21 தான்! அவனிடம் இதைச் சொன்னதும் "அவ்வளவுதானா மாமா?" என்றான். பாதி பயம் அங்கேயே போனது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒவ்வொரு அட்டையிலும் முக்கோணமாக மூன்று எண்கள் எழுதினோம்: 7, 8, 56. 56-ஐ விரலால் மறைத்தால் பெருக்கல். 7-ஐ மறைத்தால் வகுத்தல். தினமும் பத்தே நிமிடம், மூன்று அட்டை. தப்பாகச் சொன்னால் திட்டு கிடையாது. கொட்டையை எடுத்து அடுக்கிப் பார்க்க வேண்டும். வகுப்பிலும் இருவர் இருவராக இதை விளையாடலாம். ஒருவர் மறைக்க, மற்றவர் சொல்ல, ஆசிரியர் சுற்றி வந்து பார்த்தால் போதும்.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 35. ஆறு பேருக்கு என்றால்? ஆளுக்கு 11 போக 4 மிஞ்சும். மீதி என்பது என்னவென்று குழந்தை கையாலேயே தொட்டுப் பார்த்துவிடும்.

கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, எத்தனையோ கிராமத்துப் பெண்கள் தன்னார்வலர்களாக வந்து மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய நமக்குப் பத்து நிமிடம் கிடைக்காதா?

நண்பர்களே, நன்கொடை கேட்கவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, ஒரு குழந்தையுடன் திண்ணையில் உட்காருங்கள். பிரம்பு வேண்டாம், ஒரு கை புளியங்கொட்டை போதும். அம்மா அன்று அதைக் கொட்டியிருக்காவிட்டால், நான் இந்தக் கல்லூரி வாசலை மிதித்திருக்கவே மாட்டேன்.