நம் பிள்ளைகளுக்குத் தொழில் உத்தி கற்பித்தல்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பட்டப் படிப்பின் இறுதியாண்டில் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் உத்தி என்னும் பாடத்தை ஞாயிறுதோறும் நம் சங்கக் கட்டடத்தில் நடத்திவரும் ஆசிரியர்கள் சார்பில் சில சொற்கள் கூறப் பணிக்கப்பட்டோம். முன்னுரை நீள வேண்டா. ஒரு தாயார் எங்களைக் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

அந்த அம்மையார் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். கணவர் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உழைத்தவர். மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஒரு ஞாயிறன்று மகளை அழைத்துப் போக வந்தவர் எங்கள் கரும்பலகையைக் கண்டார். பச்சைத் தோலில் தொடங்கி வெளிநாட்டுக் கடையில் விற்கும் காலணி வரை ஒவ்வொரு படியாக அதில் எழுதியிருந்தோம். “இந்தத் தோலை விட்டு வெளியே வரணும்னுதானே சார் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்? இங்கேயும் தோலுதானா?” என்று கேட்டார். அன்று எங்களிடம் சரியான விடை இல்லை. இன்று கூறப்போவது அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையே.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தோலுக்கருகில் நம்மை நிறுத்தியது நம் விருப்பமன்று. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கிவிட்டது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டிலேயே எழுதினார். இப்பகுதியில் முதல் போட்டு ஆலை நடத்தியவர்களில் பெரும்பாலோர் இசுலாமிய வணிகப் பெருமக்கள். தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர். அவ்வணிகர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாணியம்பாடியில் 1919-இலும், மேல்விசாரத்தில் 1965-இலும், ஆம்பூரில் 1969-இலும் அச்சமூகத்தார் கல்லூரிகள் கண்டனர். அவற்றில் நம் பிள்ளைகளும் பயில்கின்றனர். ஒரு தலைமுறையின் ஈட்டத்தை அடுத்த தலைமுறையின் கல்வியில் முடக்கியதும் தொழில் உத்தியே என்று நாங்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

ஆனால் நம் நிலை என்ன? ஆவாரம்பட்டையின் மணம் நமக்குத் தெரியும். கடுக்காயின் துவர்ப்பு தெரியும். தோலைக் கையால் தடவி அதன் தரம் சொல்லும் பெரியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அத்தோல் என்ன விலைக்குப் போயிற்று, யார் அவ்விலையை முடிவு செய்தார் என்பது மட்டும் தெரியாது. கணக்கேட்டைப் பார்க்காமலே இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்தன. அண்ணல் அவர்களே 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடனம் வணிகவியல் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர் என்பதையும், பங்கு வணிகத்தில் ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கி, சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் விலகியதால் அதைக் கைவிட நேர்ந்தவர் என்பதையும் சட்டமேதை என்றே அவரைப் போற்றும் நம் மேடைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

பாடநூல்களைப் பற்றி ஒரு சொல். தொழில் உத்தி நூல்கள் எல்லாம் முதலாளியின் நாற்காலியில் வாசகனை உட்கார வைத்தே பேசுகின்றன. அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் வெளியிட்ட ஐந்து விசைகள் படத்தைத் தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்கின்றனர். வாங்குவோர், வழங்குவோர், போட்டியாளர், புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள் என்பன அவ்வைந்து. எங்கள் மாணவன் ஒருவன் எழுந்து, இதில் என் தகப்பனார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்றான். நாங்கள் திகைத்தோம். பிறகு தேடிப் பார்த்தபோது, உழைப்பாளரையும் வழங்குவோராகவே கொள்ள வேண்டும் என்று போர்ட்டர் 1980-இல் வெளியிட்ட தம் நூலில் கூறியிருப்பதைக் கண்டோம். படத்தில் அது தெரிவதில்லை. தேர்வில் அதை யாரும் கேட்பதுமில்லை.

எனவே நம் மண்ணின் வரலாற்றையே பாடமாக வைத்தோம். 1970-கள் வரை இப்பகுதி பெரும்பாலும் பாதி பதனிட்ட தோலையே கப்பலேற்றியது. அதை மெருகேற்றிக் காலணியாக்கிய ஆதாயம் அயல்நாடுகளுக்குச் சென்றது. மைய அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1973-74 முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அளவு வரம்பு விதிக்கப்பட்டது; முழுதும் முடித்த தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கம் தரப்பட்டது. நாட்டுக்கு நல்ல முடிவு என்பதில் ஐயமில்லை. இன்று ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நிற்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கு அது வழி திறந்தது. அந்த அம்மையாரின் தையல் வேலையும் அவ்வழியாக வந்ததே. ஆயினும் மெருகேற்ற எந்திரம் வேண்டும்; எந்திரத்துக்கு முதல் வேண்டும். முதல் உடையவர் மேற்படிக்கு ஏறினர். இல்லாத சிறு ஆலைக்காரர் பலர் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிடும் நிலைக்கு வந்தனர்.

மாணவர்களை மூன்று குழுக்களாக்கினோம். 1974-இல் நீ முதலுள்ள வணிகன். நீ முதலில்லாத சிறு ஆலைக்காரன். நீ தொட்டியில் நிற்பவன். என்ன செய்வாய், ஒரு பக்கம் எழுது என்றோம். முதல் இரு குழுவினரும் நன்றாகவே எழுதினர். வங்கிக் கடன் என்றனர், கூட்டு எந்திரக் கூடம் என்றனர், சென்னை அடையாற்றில் 1948 முதல் இருந்துவரும் மையத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி என்றனர். மூன்றாம் குழு வெகுநேரம் எழுதாமலிருந்தது. இறுதியில் ஒரு மாணவி ஒரே வரி எழுதித் தந்தாள்: அப்படி ஒரு வரம்பு வந்தது என்ற செய்தியே எங்களுக்கு வந்திருக்காது. அந்தத் தாளை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஓராண்டு நாங்கள் நடத்திய பாடத்தைவிட அவ்வொரு வரி ஆழமானது.

நிற்க. ஆலை நம் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அவர்களுக்கு ஆக்ரா நகரைக் காட்டுகிறோம். அங்கே நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட ஜாதவ் மக்கள் காலணி செய்யும் கைத்தேர்ச்சியால் தாமே பட்டறை உரிமையாளராயினர். அண்ணலின் இயக்கம் அங்கே வேரூன்றியதற்கு அத்தன்னுரிமையும் ஒரு காரணம். ஆனால் சரக்கை வாங்கும் மொத்த வணிகர் கையில் ரொக்கம் தருவதில்லை. பின்தேதியிட்ட ஒரு துண்டுச் சீட்டைத் தந்தனர். அதைப் ‘பர்ச்சி’ என்பர். நாளைக்குத் தோல் வாங்க வேண்டிய பட்டறைக்காரர் அச்சீட்டை வேறொருவரிடம் கழிவு கொடுத்து மாற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்ச் சரக்கில் பத்து ரூபாய் ஆதாயம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதச் சீட்டு. மாதம் இரண்டு ரூபாய் கழிவு. கையில் வருவது 94 ரூபாய். பத்தில் ஆறு போய் நான்கு மிஞ்சுகிறது. பட்டறை நம்முடையது, கை நம்முடையது, ஆதாயத்தின் பெரும்பகுதி சீட்டை மாற்றியவருடையது! நடைமுறை முதல் என்ற சொல்லுக்குப் பாடநூல் மூன்று பக்கம் விளக்கம் தருகிறது. எம் மாணவர்க்கு இந்த ஆறு ரூபாய் போதுமானதாயிருந்தது.

பாலாற்றின் கதையை விரித்துரைக்க நேரமில்லை. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற அதன் கோட்பாடும் நீங்கள் அறிந்தவை. அன்று இம்மாவட்டத்தின் பெயரிலேயே அண்ணலின் பெயர் இருந்தது, பின்னர் மாறிற்று. போட்டியாளர்களாயிருந்த ஆலைக்காரர்கள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தது உத்திப் பாடத்துக்கு உகந்த செய்தியே. ஆனால் 2015 சனவரி 31-இல் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டதையும் அதே பாடத்தில் சேர்த்தே சொல்கிறோம். செலவைக் குறைத்தல் என்ற தலைப்பு வரும்போது அப்பத்துப் பேரை நினைக்காமல் எங்களால் பேச முடிவதில்லை.

2025-ஆம் ஆண்டு எங்களுக்குப் பாடம் தேடும் வேலையே வைக்கவில்லை. பிப்ரவரியில் மைய வரவு செலவுத் திட்டம் வெட் ப்ளூ தோலின் இறக்குமதி வரியை நீக்கிற்று. கிரஸ்ட் தோலின் ஏற்றுமதிக்கிருந்த 20 விழுக்காடு வரியையும் எடுத்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் எழுப்பிய வேலியில் ஒரு பகுதி பிரிந்தது. ஆகஸ்டு 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீதான வரியை 50 விழுக்காடாக்கிற்று. அவ்வாரம் வகுப்பில் பாதிப் பேர், வீட்டில் மிகைநேரக் கூலி நின்றுவிட்டதைச் சொன்னார்கள். இம்முறை செய்தி அவர்களுக்கு வந்திருந்தது. நாளிதழை மடித்து எடுத்து வந்திருந்தனர். ஒரே நாட்டை நம்பிய ஆலை எது, பல நாட்டுக்கு விற்ற ஆலை எது, தோலில்லாக் காலணிக்கு மாறியது எது என்று அவர்களே பிரித்தெழுதினர். வாணிபத் துறை அலுவலர் ஒருவர் எழுதியிருந்தாலும் அதைவிடத் தெளிவாக எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

அரசின் உதவிகளைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறீர்கள். 1974-இல் தொடங்கப்பெற்ற தாட்கோ உள்ளது. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு, அதிகம் போனால் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை, மானியம் உண்டு. மைய அரசு நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டை நம்மவர் மற்றும் பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. இவையெல்லாம் படிகளே. விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய திட்ட அறிக்கையை நூறு ரூபாய்க்குத் தட்டச்சு நிலையத்தில் எழுதி வாங்கிக் கொண்டு போகிறவரை வங்கி மேலாளர் இரண்டு கேள்வியில் திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வறிக்கையைத் தாமே எழுதவும், கேட்டதற்கு நின்று விடை சொல்லவும் பழக்குவதே எங்கள் கடைசி மூன்று மாத வேலை.

அந்த அம்மையாரின் மகள் எழுதிய அறிக்கை, பத்துத் தையல் எந்திரங்களோடு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் பற்றியது. அதில் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி என்ற கணக்கு தவறாயிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தாயாரே அடுத்த ஞாயிறு வந்து, எந்திரம் நிற்கும் நேரம், நூல் மாற்றும் நேரம், திரும்பி வரும் பழுதுச் சரக்கு எல்லாவற்றையும் கூறி, கரும்பலகையில் மகளைக் கொண்டே திருத்தச் செய்தார். ஒரு மணி நேரம் வகுப்பு அவருடையதாயிருந்தது. போகும்போது, மகள் கூடம் வைக்கப் போவதில்லை, கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேரப் போகிறாள் என்றார். நல்லது, அவள் கணக்கேட்டின் பக்கம் போகிறாள் என்றோம். சிரித்தார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பட்டைத் தொட்டிக் காலத்தில் வேலை செய்த பெரியவர்கள் இவ்வவையில் பலர் இருக்கிறீர்கள். தோலைத் தடவித் தரம் பிரிக்கும் முறையை நீங்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. நாற்காலி போட்டு வைக்கிறோம்.