சுவான்சௌ: முருக்கு மலரும் துறைமுகம்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீனம் என்றவுடன் தலைநகரையும் நெடுமதிலையும் எண்ணுவதே நம்மவர் வழக்கம். இன்று யான் பேச எடுத்துக்கொண்டதோ, அந்நாட்டின் தென்கிழக்குக் கரையில், புசியான் மாநிலத்தில், தைவான் தீவை எதிர்நோக்கியிருக்கும் சுவான்சௌ என்னும் துறைமுக நகர். ஓர் ஊர் கடற்கதவைத் திறந்து உயர்ந்ததற்கும், அடைத்துத் தாழ்ந்ததற்கும், அங்கு வாழ்ந்த மாந்தர் எதனால் நிலைத்தனர், எதனால் கரைந்தனர் என்பதற்கும் அந்நகரினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

முதற்கண் அதன் பெயரைக் காண்போம். பத்தாம் நூற்றாண்டில் அந்நகரை விரிவாக்கியவர்கள் அதனைச் சூழ முருக்க மரங்களை நட்டனர். நம் ஊர்களில் வேலியோரத்தும், மிளகுக்கொடி படர்வதற்கும் நடுகின்றோமே, அந்த முள்முருங்கைதான். அதன் சீனப் பெயர் சிதோங். அதனைக் கேட்ட அராபிய வணிகர் நகரையே சைத்தூன் என்றழைத்தனர். மார்க்கோ போலோவும் அப்பெயராலேயே குறித்தார். அலெக்சாந்திரியாவிற்கு மிளகுடன் ஒரு கப்பல் செல்லுமாயின், சைத்தூனுக்கு நூறு கப்பல் வரும் என்பது அவர் கூறிய கணக்கு.

அது வெறும் மிகைக்கூற்று அன்று. 1087-இலேயே சோங் அரசு அங்குக் கடல்வணிக அலுவலகம் அமைத்து, வரும் கப்பல்களைப் பதிந்து வரி பெற்றது. 1974-இல் சுவான்சௌ விரிகுடாச் சேற்றிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அதன் அடிப்பகுதி பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஓர் அறையில் நீர் புகினும் மற்றவை கப்பலைத் தாங்கும். அவ்வறைகளில் இருந்தவை நறுமண மரங்களும் மிளகும்.

கடலை அறிந்த அம்மக்கள் கடல்வாழ் உயிரையே கொத்தனாராக்கிய விந்தையும் உண்டு. 1053 முதல் 1059 வரை, சை சியாங் என்னும் ஆட்சித்தலைவர் காலத்தில், உலுவோயாங் ஆற்றின் வாயிலில் ஒரு கற்பாலம் கட்டினர். ஓதநீர் அடித்தளத்தை அரிக்காதிருக்க, அதன் கற்களில் சிப்பிகளை வளரவிட்டனர். சிப்பிகள் தம் ஓட்டால் கல்லொடு கல்லைப் பிணைத்தன. அப்பாலம் இன்றும் நிற்கின்றது.

பல நாட்டவர் வந்த ஊராகலின் பல சமயத்தவரும் அங்குக் கோயில் எடுத்தனர். 686-இல் தோன்றிய கையுவான் புத்தர் பள்ளியும், அதன் இரட்டைக் கற்கோபுரங்களும், 1009-இல் இசுலாமியர் கட்டிய பள்ளிவாசலும், கடலோடிகளைக் காக்கும் மாசூ அன்னைக்கு 1196-இல் எழுந்த கோயிலும் இன்றும் உள. பாரசீகத்து மானியின் சமயம் உலகில் மறைந்தபோதும், 1339-இல் செதுக்கிய அவருருவம் அந்நகருக்கருகே ஒரு சிறு கோயிலில் வழிபாட்டில் இருக்கின்றது.

அன்பர்களே, தமிழரும் அங்கு வாழ்ந்தனர். 1956-இல் அந்நகரில் கிடைத்த கல்வெட்டொன்று தமிழில் உள்ளது. சகம் 1203, சித்திரைத் திங்கள், அஃதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பார், மங்கோலியக் கானின் ஆணை பெற்று, அவர் நலத்திற்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததை அது கூறுகின்றது. இறுதியில் ஒரு வரி சீன எழுத்து. அதில் வடசொற்கள் உள. ஆணையைக் குறிக்கப் பாரசீகச் சொல்லும் வருகின்றது. மறைப்பானேன்? ஆயினும், அயல் மண்ணில், அயல் மன்னன் ஆட்சியில், தம் இறைவனுக்குக் கல் நாட்டியவர்கள் தம் மொழியிலேயே அதனைப் பொறித்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்கோயில் இன்று இல்லை. 1357 முதல் 1366 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் நகர் சீரழிந்தது. அயலார் பலர் மாண்டனர். 1371-இல் மிங் அரசு தன் குடிகள் கடல்கடந்து வணிகம் செய்வதைத் தடுத்தது. ஆற்றுமண்ணும் துறையைத் தூர்த்தது. சிதைந்த கோயில்களின் கற்கள் மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் சென்றன. கையுவான் பள்ளியின் பின்புறத் தூண்களில் இன்றும் ஆளரியும் கண்ணனும் காட்சி தருகின்றனர். அருகிலுள்ள சிதியான் சிற்றூரில் நம் பெண்தெய்வத்தின் சிலையொன்றை மக்கள் குவான்யின் அன்னையென்றே வணங்குகின்றனர். இக்கற்களைத் தேடித் திரட்டி 1957-இல் நூலாக்கியவர் ஊ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர். அவர்க்கு நாம் கடப்பாடுடையோம்.

கல் நின்றது, அதனைப் பொறித்தவர் வழியினர் எங்கே? தமிழ் பேசும் குடி ஒன்றுகூட அங்கில்லை. அராபியர் வழிவந்த திங் குலத்தார் தம் முன்னோர் படையலில் இன்றும் பன்றியிறைச்சி வைப்பதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அராபிய மொழி இல்லை. வழக்கம் ஓரளவு எஞ்சியது, மொழி எஞ்சவில்லை.

அவர்களையெல்லாம் தன்னுள் கரைத்துக்கொண்ட அந்நகரின் மொழி தென்மின் மொழி. நாம் நாள்தோறும் பருகும் தேயிலையின் 'தே' அம்மொழி ஈந்த சொல். பழஞ்சீன ஒலிகள் பலவற்றை அது இன்னும் காத்து வருகின்றது. நான்யின் என்னும் தென்னிசை சுவான்சௌ ஒலிப்பிலேயே பாடப்படல் வேண்டும் என்பது மரபு. அவ்விசையை 2009-இல் யுனெசுகோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2021-இல் அந்நகரின் இருபத்திரண்டு பழம் இடங்களும் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. சுன்பு மீனவப் பெண்டிர் கொண்டையைச் சுற்றி அணியும் பூவளையத்தைக் காண இன்று வெளியூரார் திரள்கின்றனர்.

பூவைக் காண வருவோர் பலர். மொழியைக் காப்போர் எத்துணைப் பேர்? 1956 முதல் சீனப் பள்ளிகளில் பொதுச்சீனமே பரப்பப்பட்டு வருகின்றது; தென்மின் மொழியைத் தாயிடம் கற்கும் குழந்தைகள் குறைகின்றனர். அம்மொழி பேசுவோர் பெருகி வாழ்ந்த சிங்கப்பூரிலும், 1979-இல் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியபின், வீடுகளில் அது மிகக் குறைந்தது. பாட்டியின் பேச்சுப் பெயரனுக்கு விளங்காத வீடுகள் அங்கு உள. வந்தவர் மொழிகளைக் கரைத்த நகரின் மொழியே இன்று கரைகின்றது.

கல்வெட்டும் காட்சியகமும் பட்டியலும் வேண்டுவனவே. ஆனால் அவை காப்பது மொழியின் தடத்தை, மொழியை அன்று. எழுநூறாண்டு கடந்து சம்பந்தப் பெருமாளின் கல்லை நம்மால் படிக்க இயன்றதெனின், அது கல்லின் வலிமையால் மட்டும் அன்று. கடலுக்கு இப்பால் தாய்மார் தம் மக்களொடு தமிழ் பேசிக்கொண்டிருந்தனர், அதனால் இயன்றது. இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் குழந்தையிடம் எம்மொழியில் பேசப் போகின்றீர்கள் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள் என்று கூறி அமைகின்றேன்.