பண்டிகையும் டெலிவிஷனும்



பண்டிகைச் செலவு என்றவுடன் தீபாவளியைப் பற்றியும், வெடி, துணி, வட்டிக்கடை ஆகியவைகளைப் பற்றியும் பேசப் போகின்றோம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதைப்பற்றி நாம் எவ்வளவோ பேசியாகிவிட்டது. இன்று வேறொரு தேசத்துச் சங்கதியை எடுத்துக்கொள்ள உத்தேசித்திருக்கின்றோம். ஏனெனில் நம் தோழர்களிலேயே சிலர், "பண்டிகையின் பேரால் பணத்தைப் பாழாக்குவது நம் நாட்டில்தான், அமெரிக்காக்காரன் விஞ்ஞானம் படித்தவன், கணக்குப் பார்க்காமல் காசை எடுக்கமாட்டான்" என்று சொல்லி வருகின்றார்கள். இது உண்மைதானா என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நன்றி செலுத்தும் பண்டிகை என்பதாக ஒன்று நடக்கின்றது. 1863-ம் வருஷத்தில் லிங்கன் பிரசிடெண்டாயிருந்தபோது அதைத் தேசம் முழுமைக்கும் பொதுவாக அறிவித்தார். கடவுள் செய்த நன்மைக்கு நன்றி சொல்லும் நாள் என்று அதற்குப் பெயர். ஆனால் அதற்கு மறுநாள் முதல் கிறிஸ்துமஸ் வரையில் கடைக்காரனுக்கு அறுவடைக்காலம்.

1939-ம் வருஷத்தில் என்ன நடந்தது தெரியுமா? பத்து வருஷமாகப் பொருளாதார மந்தத்தால் ஜனங்கள் கஷ்டப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. அந்த வருஷம் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்துவிட்டன. வழக்கப்படி கடைசி வியாழக்கிழமையில் பண்டிகை என்றால் அது 30-ந் தேதியாகின்றது. கிறிஸ்துமஸுக்கு முன் வியாபாரத்துக்கு நாள் போதாதே என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். பிரசிடெண்ட் ரூஸ்வெல்ட் உடனே பண்டிகையை 23-ந் தேதிக்கு மாற்றிவிட்டார். நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரராவது கிரகம், நக்ஷத்திரம் என்று ஒரு சாக்குச் சொல்லுவார். அங்கே கடை வியாபாரம்தான் காரணம் என்பதை ஒளிக்கக்கூட இல்லை. அந்த மட்டில் அது யோக்கியமான காரியம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் மாகாணங்களில் ஏறக்குறையப் பாதி 23-ந் தேதியையும், மற்றவை 30-ந் தேதியையும் கொண்டாடின. இரண்டு நாளும் விடுமுறை விட்ட மாகாணங்களும் உண்டு. கடவுள் எந்த வியாழக்கிழமை நன்றியை ஏற்றுக்கொண்டிருப்பார் என்று கேட்கின்றோம். கடைசியில் 1941-ல் ரூஸ்வெல்ட்டே இந்த ஏற்பாட்டால் எதிர்பார்த்த வியாபாரம் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை என்று சட்டசபை அவ்வருஷ முடிவில் சட்டமே செய்துவிட்டது. நாளை முன்னே தள்ளினால் பையில் இல்லாத காசு பைக்கு வந்துவிடுமா?

இதைக் கேட்டு, நாம் சாமான் வாங்குவதே தப்பென்று சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். 1930-ல் அமெரிக்காவில் நூற்றுக்குச் சுமார் 40 குடும்பங்களில்தான் ரேடியோ இருந்தது. 1940-ல் அது 80-க்கு மேலாகிவிட்டது. அதாவது, மந்தமான காலத்திலேயேதான் ரேடியோ பெருகிற்று. அது பைத்தியக்காரத்தனமல்ல. வேலையில்லாதவன் சினிமாவுக்கும் விருந்துக்கும் போகமாட்டான்; ஒரு பெட்டி வாங்கி வைத்தால் குடும்பமே உட்கார்ந்து பாட்டும் செய்தியும் கேட்கலாம். உபயோகமான கருவியை மனிதன் விரும்புவதில் என்ன குற்றம்? ஆனால் இந்த நாளில், இந்த மணியில், கடன்பட்டாவது வாங்கியே தீரவேண்டும் என்று அவன் தலையில் ஏற்றியது யார் என்பதுதான் நம் கேள்வி.

இனி 2008-ம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, 150 வருஷத்துக்கு மேற்பட்ட லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய பாங்கி திவாலாயிற்று. நவம்பர் ஒரு மாதத்தில் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் வேலை போயிற்று. பண்டிகையோ 27-ந் தேதி வந்தது. முந்திய வருஷத்தைவிட வியாபாரத்துக்கு ஐந்து நாள் குறைவு.

இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. 2009 பிப்ரவரி 17-ந் தேதியோடு பழைய முறை டெலிவிஷன் ஒலிபரப்பு நின்றுவிடும் என்று சர்க்கார் அறிவித்திருந்தது. வீட்டில் ஆண்டெனா வைத்துப் பழைய பெட்டியில் பார்ப்பவனுக்கு ஒரு சிறு மாற்றுப்பெட்டி இருந்தால் போதும். அதற்கும் வீட்டுக்கு இரண்டு வீதம், 40 டாலர் கூப்பன் சர்க்காரே கொடுத்தது. கேபிள் வைத்திருந்தவனுக்கு அதுகூட வேண்டியதில்லை. இது தெரியாதவன் புது டெலிவிஷனே வாங்கவேண்டும் என்று பயந்தால், அவன் பயத்தைப் போக்குவதில் கடைக்காரனுக்கு என்ன லாபம்? அந்தத் தேதியும் பிறகு ஜூன் 12 என்று ஒத்திப்போடப்பட்டது.

பண்டிகைக்கு மறுநாளைக் கறுப்பு வெள்ளிக்கிழமை என்கின்றார்கள். 2008 நவம்பர் 28-ந் தேதி விடியற்காலை 5 மணிக்கு, நியூயார்க்கை அடுத்த வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரில் வால்மார்ட் கடை திறப்பதாக ஏற்பாடு. 50 அங்குல சாம்சங் டெலிவிஷன் 798 டாலர் என்று விளம்பரம். இரவெல்லாம் பனியில் காத்திருந்து சுமார் 2,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். கதவு உடைந்தது. பண்டிகைக்காலத்துக்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த 34 வயது மனிதர் ஒருவர் கூட்டத்தின் காலடியில் மிதிபட்டுச் செத்தார். தோழர்களே, நம் தேர்த்திருவிழாக்களில் நசுங்கிச் சாகின்றவர்களைப் பற்றி நாம் எத்தனை தடவை பேசியிருக்கின்றோம்! அங்கே தேரும் இல்லை, சாமியும் இல்லை. ஆனால் முகூர்த்தம் மட்டும் இருந்தது. அதே டெலிவிஷனை அடுத்த மாதம் பட்டப்பகலில் போய் வாங்கினால் படம் தெரியாமல் போய்விடுமா? கூட்டத்தை அடக்க வழி செய்யாத குற்றத்துக்காகச் சர்க்கார் இலாகா அந்தக் கம்பெனிக்கு விதித்த அபராதம் 7,000 டாலர்.

சரி, 798 டாலருக்கு வாங்கினவன் லாபமடைந்தானா? ரொக்கமாய்க் கொடுத்தவன் அடைந்திருப்பான். கடன் அட்டையில் வாங்கினவனுக்காக நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வருஷத்துக்கு நூற்றுக்கு 18 வட்டி, மாதம் 20 டாலர் வீதம் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் தீர 5 வருஷத்துக்கு மேலாகும். கட்டிய தொகை 1,220 டாலரைத் தாண்டும். மலிவென்று வாங்கின சாமான் ஒன்றரை மடங்கு விலையாகிவிட்டது! அந்தக் காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் கடன் அட்டைகளின் பேரில் பட்டிருந்த கடன் மொத்தம் சுமார் 1 லட்சம் கோடி டாலர். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் எத்தனை வருஷமாகும் என்று பில்லிலேயே அச்சடிக்கவேண்டுமென்று 2009-ல் சட்டம் செய்யவேண்டி வந்தது. அதுவரையில் ஏன் அச்சடிக்கவில்லை? எண் தெரியாமலா?

பரிசுச்சீட்டு என்று ஒரு தந்திரமும் உண்டு. பணத்தை இன்று கடைக்காரனிடம் கொடுத்துவிட்டுச் சீட்டை வாங்கி உறவினருக்குக் கொடுப்பது. அவர் பிறகு சாமான் வாங்கிக்கொள்வது. ஷார்ப்பர் இமேஜ் என்னும் கடை 2008 பிப்ரவரியில் திவால் மனுக் கொடுத்தபோது, முதலில் சீட்டே செல்லாது என்றது. பிறகு, சீட்டின் தொகையைப்போல் இரண்டு மடங்குக்குச் சாமான் வாங்கினால் செல்லும் என்றது.

இவ்வளவு கடன்பட்டு ஜனங்கள் வாங்கியதால் கடையில் வேலை செய்கின்றவனாவது பிழைத்தானா என்றால் அதுவும் இல்லை. சர்க்யூட் சிட்டி என்பது ரேடியோ, டெலிவிஷன் விற்பதில் அந்நாட்டின் பெரிய கம்பெனிகளில் ஒன்று. 2007 மார்ச்சில், சம்பளம் அதிகம் வாங்குகின்றார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, தொழில் தெரிந்த 3,400 பேரை ஒரே நாளில் நீக்கிற்று. குறைந்த சம்பளத்துக்கு வருவதானால் பத்து வாரம் கழித்து மனுப் போடலாம் என்று அவர்களுக்கே சொல்லிற்று! அந்தக் கம்பெனியே 2008 நவம்பர் 10-ந் தேதி, பண்டிகைக்கு 17 நாள் முன்னால், கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்தது. மனுக் கொடுத்த பிறகும் கறுப்பு வெள்ளிக்கிழமைக்குக் கடைகள் திறந்துதான் இருந்தன. 2009 ஜனவரி 16-ந் தேதி, கம்பெனியைக் கலைப்பதாக அறிவித்தார்கள். 567 கடைகளும், சுமார் 34,000 பேருடைய வேலையும் அதோடு போயின. கலைப்பு விற்பனைக்கும் கூட்டம் வந்தது. "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்பது நிபந்தனை. மார்ச் 8-ந் தேதி கடைசிக் கடையும் மூடப்படும் வரையில், வேலை போகப்போகிறது என்று தெரிந்த ஆட்களே நின்று அந்த டெலிவிஷன்களை விற்றுக்கொடுத்தார்கள்.