உடன் நின்ற ஆரோன்



மாலுமிச்சம்பட்டி அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படிக்கும் மாணவர், டிரினிட்டி கிரேடு தேர்வுக்குக் கீபோர்டு பழகும் பள்ளிப் பிள்ளை, பங்கு ஆலயத்தில் முதன்முறையாகப் பதிலுரைப் பாடல் பாட வரும் தங்கை: இவர்களுக்கெல்லாம் ஒரே சங்கடம். வீட்டில் பிசகாமல் வந்த பாட்டு, நாலு பேர் முன்னால் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. விரல் சில்லிடுகிறது, வாய் உலர்கிறது. ஆபத்தைக் கண்டால் ஓடுவதற்கு உடல் ஆயத்தமாகுமே, அதே படபடப்புதான். ஓட உதவும், பாட உதவாது.

பயிற்சி போதாது என்பார்கள் சிலர். விசுவாசம் போதாது என்பவர்களும் உண்டு. இது சரியல்ல. செல்லோ இசை மேதை பாப்லோ கசால்ஸ் 96 வயதுவரை வாழ்ந்தவர். மேடைப் பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1901இல் அமெரிக்காவில் மலையேறும்போது ஒரு பாறை உருண்டு அவருடைய இடக் கையை நசுக்கியது. இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை, கடவுளுக்கு நன்றி என்பதே அந்தக் கணம் தமக்குத் தோன்றிய எண்ணம் என்று பின்னாளில் அவரே சொன்னார்! கை குணமாயிற்று. பயத்தோடுதான் மீண்டும் மேடையேறினார்.

விடுதலைப் பயண நூல் 4ஆம் அதிகாரத்தில் மோசேயும், எனக்குப் பேச்சு வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று கெஞ்சுகிறார். வயதோ 80! ஆண்டவர் சினம் கொள்கிறார், ஆனாலும் கைவிடவில்லை. அவர் நாவின் தடையை நீக்கியதாக அங்கே எழுதியில்லை. துணைக்கு அண்ணன் ஆரோனைத் தந்ததாகத்தான் வாசிக்கிறோம்.

எனவே பெற்றோரே, தேர்வுக்குப் பல நாள் முன்பே தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டார் முன்னிலையில் பிள்ளையைப் பாட வையுங்கள். முதல் வரியிலிருந்து மட்டுமல்ல, நடுவில் எங்கிருந்தும் தொடங்கப் பழகட்டும். தடுமாறினால் அங்கிருந்தே பிடித்துக்கொள்ளலாம். மேடையேறுமுன் மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் பேச்சு மட்டும் வேண்டாமே. சோறு இறங்காமல், தூக்கம் கெட்டுப்போகும் அளவுக்குப் பயம் முற்றினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தேர்வறையில் கேட்பவர் மதிப்பெண் போடுகிறார். திருப்பலியில் கேட்பவர் பதில் பாடுகிறார். பதிலுரைப் பாடல் என்ற பெயரே அதற்குத்தானே? நாம் வாய் திறக்காமல் நின்றால், சிலர் செல்பேசியில் படமும் பிடித்தால், ஆலயமும் தேர்வறையாகிவிடுகிறது. வரும் ஞாயிறு அந்தத் தங்கையின் குரல் முதல் வரியில் நடுங்கினால், யாரும் திரும்பி ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். பதிலை எல்லாரும் உரக்கப் பாடுவோம். அதற்குள் அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள்.