ஆனைமுகனைத் தொழுவோர் ஆனையை அறிக
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



எச்செயலையும் ஆனைமுகக் கடவுளை வணங்கித் தொடங்குதல் நம் மரபு. இக்குடமுழுக்கும் விக்நேசுவர பூசையுடனேயே தொடங்கிற்று. முதலை வாய்ப்பட்ட கசேந்திரனின் குரல் கேட்டுத் திருமால் விரைந்து வந்ததைப் பாகவதம் பேசுகிறது. திருவானைக்காவில் யானையொன்று துதிக்கையால் நீர் முகந்து வந்து, நாவல் மரத்தடியில் எழுந்தருளிய பெருமானை நாள்தோறும் நீராட்டியதைத் தலபுராணம் போற்றுகிறது. ஆண்டவன் யானையின் பூசையையும் ஏற்றான். அதன் அழுகுரலுக்கும் செவி சாய்த்தான். அவன் அடியவர்களாகிய நாம் அக்குரலைக் கேட்கின்றோமா? இதுவே இன்று உங்கள்முன் யான் வைக்கும் வினா.

சங்கிலியில் நிற்கும் யானை ஓயாது தலையசைத்து, முன்னும் பின்னும் ஆடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நாகசுர இசையில் மகிழ்ந்து ஆடுகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுகின்றோம். விலங்கின் இயல்பை ஆராய்ந்தோர் கூறுவதோ வேறு. நடக்கவும் மேயவும் தன் இனத்தோடு கூடவும் இயலாத உயிரின் மனவருத்தமே அவ்வாறு அசைவாய் வெளிப்படுகிறது என்பர். நாம் ஆட்டமென்று கண்டு களிப்பது அதன் அழுகையாகவும் இருக்கலாம் அன்றோ?

யானை தனித்து வாழப் பிறந்ததன்று. முதிய பிடியொன்றின் தலைமையில் தாயும் தமக்கையும் கன்றுமாய்க் கூடி வாழ்வது அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ புல்லும் தழையும் பட்டையும் தேடி நெடுந்தொலைவு நடப்பது. அதன் உள்ளங்கால் மெத்தை போன்றது. ஈரம் வடியாத கல்தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் நாள் முழுதும் நிற்குமாயின் அங்கே புண் உண்டாகும். அன்பினால் நாம் அளவின்றி ஊட்டும் சோறும் வெல்லமும் அதன் உடலைப் பருக்கச் செய்து நோய்க்கு வழிகோலும். மோதிரத்துக்கென்று நாம் விரும்பும் வால்முடியோ, ஈயோட்ட அதற்கு இறைவன் அளித்த சாமரம்.

இவற்றை உணர்ந்தே 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு கோயில் யானைகளை முதுமலைக்கு அழைத்துச் சென்று புத்துணர்வு முகாம் நடத்தியது. 2011-இல் வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்கென விதிகளையும் வகுத்தது. ஆயினும் விதி வாயிலளவே செல்லும். உள்ளத்தினுள் செல்ல வல்லது அறிவு.

அவ்வறிவை நூல்கள் தரும். பிடியின் பசியைப் போக்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றைக் குறுந்தொகைப் புலவர் காட்டுகிறார். காட்டை உற்று நோக்கியவரே அவ்வாறு பாடுதல் கூடும். நம் காலத்தில் முதுமலை முதலிய காடுகளில் யானைகளுக்கு மருத்துவம் புரிந்து, 2002-இல் மறைந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை முன்வைத்து ஜெயமோகன் ‘யானை டாக்டர்’ என்னும் கதையை எழுதினார். மக்கள் காட்டில் வீசியெறியும் உடைந்த புட்டி யானையின் காலுக்கு என்ன செய்யும் என்பதை அதில் படித்தவர், மீண்டும் அவ்வாறு எறியக் கை கூசுவர். இத்தகைய நூல்களை உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அதுவும் ஒரு பாராயணமே.

புரவலர்களே, முன்னாளில் அரசரும் செல்வரும் கோயிலுக்கு யானையை அளித்துப் புண்ணியம் தேடினர். இந்நாளின் அறம் அதுவன்று. ஒரு கன்றைக் கொணர்வது ஒரு குடும்பத்தைப் பிரிப்பதாகும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காப்பதும், 2010-இல் தேசியப் பாரம்பரிய விலங்கென அறிவிக்கப்பெற்றதும் ஆகிய உயிர் அது. கோயில்களில் இப்போது வாழும் யானைகளுக்கு மண்தரையும் மரநிழலும் நீராடக் குளமும் பசுந்தீவனமும் அளியுங்கள். பாகனின் குடும்பம் கவலையின்றி வாழ வழி செய்யுங்கள். அவர் உள்ளம் அமைதியுற்றால் யானையும் அமைதியுறும். காட்டு யானைகள் தலைமுறைதோறும் நடந்துவந்த வழித்தடங்களில் வேலியும் கட்டடமும் எழுப்பாதிருப்பதும் உயர்ந்த தானமே.

கல்லில் வடித்த ஆனைமுகனுக்குக் கொழுக்கட்டை படைக்கும் நம் கைகள், உயிருள்ள யானைக்கு உரிய வாழ்வையும் படைக்குமாக. திருவருள் அதற்குத் துணை நிற்க!