அமெரிக்காவில் யார் யோக்கியன்? கார் பார்க்கிங் பெஞ்சில் நடந்த வழக்கு

(2025 நவம்பர் மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

தண்ணி லாரி, லிஃப்ட் ஏ.எம்.சி. எல்லாம் பேசி முடிச்சாச்சு. பத்து நிமிஷம் பேசுங்கன்னு தலைவர் சொன்னார். பத்து நிமிஷத்துல முடிப்பேன்னு உறுதி கொடுக்க மாட்டேன். பசிக்கிறவங்க டீயும் பன்னும் எடுத்துக்குங்க.

நான் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் 27 வருஷம் டாக்குமென்டேஷன் பார்த்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், இதுதான் என் உலகம். அரசியல் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆனால் ஆகஸ்ட் மாசத்திலிருந்து நம்ம கார் பார்க்கிங் பெஞ்சில் தினமும் சாயங்காலம் அமெரிக்க அரசியல்தான் ஓடுகிறது. பதினோரு வருஷமாக ஒன்றாக நடைப்பயிற்சி போன இரண்டு பேர் அதனால் இப்போது ஆளுக்கொரு பக்கம் நடக்கிறார்கள். ஒருவர் கேட் பக்கமிருந்து சுற்றுகிறார், இன்னொருவர் ஜெனரேட்டர் பக்கமிருந்து. யாரென்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். ஒருவரை அண்ணா என்றும் இன்னொருவரை வாத்தியார் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணாவுக்கு மகன் நியூ ஜெர்சியில். அங்கே போயிருந்த ஆறு மாசத்தில் ஃபாக்ஸ் நியூஸ் பார்த்துப் பழகிவிட்டார். வாத்தியார் போனில் சி.என்.என். துண்டுகளைப் பார்க்கிறவர். "உன் சேனல் பொய், என் சேனல் மெய்" என்பதுதான் சண்டை. இதில் சண்டைக்கு அடிப்படையான கேள்வி ஒன்று இருந்தது. அந்த 50 சதவீதத்தைக் கட்டுவது யார்? இந்தியாவா, அமெரிக்காக்காரனா?

இது கருத்து இல்லைங்க, கணக்கு. சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது அங்கே இறக்குமதி செய்பவர்தான் அவர்கள் நாட்டுச் சுங்கத்தில் பணம் கட்டுகிறார். நம்ம கம்பெனி கணக்கிலிருந்து ஒரு டாலர்கூட அந்தச் சுங்கத்துக்குப் போவதில்லை. அதுவரை வாத்தியார் சொன்னது சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் உண்மை.

ஒரு காட்டன் டி-ஷர்ட், எஃப்.ஓ.பி. விலை 4 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அதற்கு அமெரிக்க வரி 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 7-இல் கூடுதல் வரி 25 சதவீதம் ஆனது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27-இல் இன்னொரு 25. அதோடு மொத்தம் 66.5 சதவீதம், 2 டாலர் 66 சென்ட் ஆனது. அதே பீஸை பங்களாதேஷிலிருந்து எடுத்தால் அப்போது அவர்களுக்குக் கூடுதல் வரி 20ஆகத்தான் இருந்தது, ஆக 1 டாலர் 46 சென்ட். வியட்நாமுக்கும் இலங்கைக்கும் அதே 20 இருந்தது. பாகிஸ்தானுக்கு 19 இருந்தது. பீஸுக்கு 1 டாலர் 20 சென்ட் வித்தியாசம் என்றால் பையர் என்ன செய்வான்? "பாதியை நீ குறை" என்று மெயில் போடுவான். இல்லையென்றால் ஆர்டரை நிறுத்தி வைப்பான். காசு கட்டுவது அவன், வலி இரண்டு பக்கமும். அண்ணா சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன்.

இதைச் சொன்னதற்கு இரண்டு பேருமே என்மேல் கோபப்பட்டார்கள். அது தனிக்கதை.

சரி, அமெரிக்கச் சேனல்கள் ஒருதலைப்பட்சமா என்று கேட்டால், ஆமாம். அதைக் கண்டுபிடிக்க நமக்கு நியூ ஜெர்சி போக வேண்டியதில்லை. 1993-இல் சன் டி.வி., 1999-இல் ஜெயா டி.வி., 2007-இல் கலைஞர் டி.வி., 2010-இல் கேப்டன் டி.வி. என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே மாநாட்டுக் கூட்டத்தை ஒரு சேனலில் பார்த்தால் கடல், இன்னொன்றில் பார்த்தால் காலி நாற்காலி. எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்பதை வைத்தே ஓட்டைச் சொல்லிவிடுவோம். செய்தி கேட்கும்போதே "இது யார் சேனல்" என்று கழித்துக் கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், இங்கிலீஷில் வந்தால் அந்தக் கழித்தலை மறந்துவிடுகிறோம். கோட்டு போட்டுப் பேசினால் நடுநிலை என்று நினைத்துவிடுகிறோம்.

அங்கே முன்பு ஒரு விதி இருந்தது. பொதுப் பிரச்சினைகளில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949-இல் வானொலி, டி.வி. நிலையங்களுக்கு வைத்தார்கள். 1987-இல் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் எல்லாம் கெட்டது என்று வாத்தியார் சொல்வார். ஆனால் அந்த விதி அலைவரிசை வாங்கி ஒளிபரப்பும் நிலையங்களுக்கானது. ஃபாக்ஸ் நியூஸும் எம்.எஸ்.என்.பி.சி.யும் 1996-இல் வந்த கேபிள் சேனல்கள். விதி இருந்திருந்தாலும் அவற்றைத் தொட்டிருக்காது.

அண்ணாவுக்கும் ஒன்று உண்டு. 2020 தேர்தலில் ஓட்டு மெஷினில் மோசடி என்று ஒளிபரப்பிய விவகாரத்தில், அந்த மெஷின் கம்பெனியான டொமினியனுக்கு ஃபாக்ஸ் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்காக ஃபாக்ஸில் வருவதெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். அதே முர்டாக் குடும்பத்தின் கையில் உள்ள வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கனடா, மெக்சிகோமீது ட்ரம்ப் அறிவித்த வரியைத் தலையங்கத்திலேயே முட்டாள்தனமான வர்த்தகப் போர் என்று திட்டியது. ஒரே முதலாளி, ஒரு கடையில் கைதட்டல், ஒரு கடையில் திட்டு. நாம்தான் வலது, இடது என்று இரண்டு சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

கோர்ட் விஷயமும் அப்படித்தான். 1977-இல் வந்த அவசரநிலைச் சட்டம் ஒன்றைக் காட்டித்தான் ட்ரம்ப் இந்த வரியைப் போட்டார். நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்கிற ஒரு சின்ன கம்பெனியும் வேறு சிலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மே 28-இல் வர்த்தக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் செல்லாது என்றார்கள். மூவரில் ஒருவரை ரீகன் நியமித்தார், ஒருவரை ஒபாமா, ஒருவரை ட்ரம்பே நியமித்தார். ஆகஸ்ட் 29-இல் மேல்முறையீட்டிலும் 7-க்கு 4. நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்திருக்கிறது. இந்தக் கூட்டம் நடக்கும் 2025 நவம்பர் வரை தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஆகஸ்ட் 30 காலையிலேயே நம்ம பெஞ்சில் "வரி ரத்து ஆயிடுச்சு" என்று ஒருவர் இனிப்பு கொடுத்தார். நானும் சாப்பிட்டேன், மைசூர்பாகு நன்றாக இருந்தது. மேல்முறையீடு முடியும்வரை வரி தொடரும் என்பது அதே செய்தியின் நான்காவது பத்தியில் இருந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், "இந்தியாவுக்கு 500 சதவீதம் வரி" என்று ஒரு வீடியோ தலைப்பு சுற்றியது. அது அமெரிக்க செனட்டில் 2025 ஏப்ரலில் வைக்கப்பட்ட ஒரு மசோதா. அப்போது அது நிறைவேறியிருக்கவில்லை. மசோதா வேறு, சட்டம் வேறு. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு நம்ம சி பிளாக்கில் ஒரு தம்பி, புதிதாக வாங்கவிருந்த நான்கு ஓவர்லாக் மெஷினுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். பாதிதான் கிடைத்தது. பெஞ்சுப் பேச்சுக்கு இப்படியும் விலை உண்டு.

நம்ம ஊரைப் பற்றிய செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் முடங்கியது என்று ஒரு பக்கம், ஏற்றுமதி கூடியது என்று ஒரு பக்கம். இரண்டும் பொய் இல்லை. வரி வருமுன் அனுப்பிவிட வேண்டும் என்று ஜூன், ஜூலையில் ஒன்றரை ஷிஃப்ட், இரண்டு ஷிஃப்ட் ஓட்டினோம். ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கம் தாண்டினால் புது 25 கிடையாது என்று விலக்கும் இருந்தது. அதனால் முந்தைய மாதங்களின் எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தது. பிறகு செக்கிங்கில் ஆள் குறைத்தார்கள். எந்த மாசத்துப் படம் என்று சொல்லாமல் படத்தைக் காட்டினால், எதையும் நிரூபிக்கலாம்.

2023 மார்ச் ஞாபகம் இருக்குமே. பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் வடக்கே ஓடின. ஹோலிக்கு ஊருக்குப் போகக் காத்திருந்த கூட்டத்தைத் தப்பி ஓடும் கூட்டம் என்றார்கள். பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து பார்த்துப் போனது. அப்போது நாம் எவ்வளவு கொதித்தோம்! நம்மைப் பற்றி யாரோ தூரத்தில் உட்கார்ந்து தெரியாமல் பேசுகிறார்கள் என்று. ஓஹையோவில் இருக்கிறவனைப் பற்றி நாம் பெஞ்சில் பேசுவதும் ஏறக்குறைய அதே லட்சணம்தான்.

டாரிஃப் என்ற சொல் இந்த ஊருக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970 ஜூன் 19-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து இதே பெருமாநல்லூரில் நின்ற விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா கணக்கு. நினைவிடத்தைத் தாண்டித்தான் தினமும் வண்டியில் போகிறோம், நம்ம பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது.

இப்போது நான் எழுந்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பராமரிப்புத் தொகை பாக்கி என்று ஐந்து ஃபிளாட் எண்களை ஒட்டியிருக்கிறோம். நான் விசாரித்தேன். அதில் மூன்று வீட்டில் சம்பளம் வருவது அமெரிக்க ஆர்டர் மட்டும் செய்கிற கம்பெனிகளிலிருந்து. ஒரு வீட்டில் அந்த அம்மிணிக்குச் செப்டம்பரிலிருந்து வாரம் மூன்று நாள்தான் வேலை. நாம் பெஞ்சில் ட்ரம்ப் சரியா தப்பா என்று கத்திக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அந்த போர்டைத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பெஞ்சில் அதிகமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு மூன்று மாசம் ஆயிற்று.

பொருளாளர் அண்ணாவிடம் கேட்பது இரண்டு. அந்தத் தாளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மார்ச் வரைக்கும் லேட் ஃபீ போடாதீர்கள். சங்கத்துக்கும் செலவு இருக்கிறது, தெரியும், லாரித் தண்ணிக்குக் கடன் சொல்ல முடியாது. மூன்று வீட்டுத் தொகையை நான்கு மாசம் தாங்குகிற அளவுக்கு நம்ம இருப்பு இருக்கிறது, கணக்கை நீங்கள்தான் இப்போது வாசித்தீர்கள்.

தலைவரே, கை தூக்கச் சொல்லுங்க.

(குறிப்பு: ஆதரவாக 38 பேர் கை தூக்கினர், 9 பேர் எதிர்ப்பு. தாள் அன்றே எடுக்கப்பட்டது. லேட் ஃபீ பற்றி டிசம்பர் செயற்குழுவில் பேசப்படும். – செயலாளர்)